கால் வேண்டாத விமானம்

விமானம் ஓட்டுகிறவர்களை அவர்கள் வீட்டில் யாரும் கேப்டன் என்று கூப்பிடுவதில்லை. இவரை வீட்டிலும் தெருவிலும் வேலைசெய்யும் இடத்திலும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயதுவரை மொட்டைமாடிக்கு மேல் உயரம் போகாத மனிதர். பட்டம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. கூப்பிடுகிறவர்களுக்கு அதில் ஒரு சிரிப்பு, அவருக்கு அதில் ஒரு நிமிர்வு. இரு தரப்புக்கும் லாபம் என்பதால் பட்டம் நிலைத்துவிட்டது.

பிழைப்புக்குப் பல் செய்தார். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்கி, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புகிற சின்னக் கூடம் அது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். காதுமடலில், சாப்பாட்டு டப்பா மூடியில், கைக்கடிகாரத்தின் கண்ணாடிக்குள்ளேகூட வெள்ளைத் தூசு. ஊரில் எத்தனையோ பேருடைய வாயை அவர் அறிவார். அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரையும் தெரியாது. நாளெல்லாம் குனிந்தே இருந்து, மாலையில் கழுத்தைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்ப்பார். அங்கே ஏதாவது ஒரு விமானம் போய்க்கொண்டிருக்கும். விமான ஆசை இப்படித்தான் வந்தது என்று அவர் சொல்வார். கழுத்து வலியில்தான் வந்தது என்று அவர் மனைவி சொல்வார்.

வீட்டில் இருந்த இரண்டு படுக்கையறைகளில் ஒன்று விமானமாகிவிட்டது. உடைசலுக்குப் போன காரிலிருந்து கழற்றிய இரண்டு இருக்கைகள், மூன்று திரைகள், கைப்பிடி, காலடியில் இரண்டு பெடல்கள். மனைவியின் பீரோ கூடத்துக்கு வந்தது. விருந்தாளி யாராவது தங்க நேர்ந்தால் துணை விமானியின் இருக்கைக்கு அருகே பாய் விரிக்க வேண்டியிருக்கும் என்பதால் விருந்தாளிகள் குறைந்தார்கள்.

இவரைப் போன்றவர்கள் ஊரில் இன்னும் பலர் இருந்தார்கள் என்பதுதான் விசித்திரம். அவர்களுக்கு ஒரு சங்கமும் இருந்தது. டயர் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்துக்கு நடுவே மேலே காற்றியக்கம் பற்றிப் பேச்சு நடக்கும். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எல்லோரும் ஒரே பைத்தியம் என்று தோன்றும். உள்ளே இரண்டு பைத்தியங்கள் இருந்தன.

முதலாவது அழகுக் கட்சி. இவர்கள் பயன்படுத்திய மென்பொருள், செயற்கைக்கோள் படங்களை இணையத்திலிருந்து இழுத்து இழுத்து உலகத்தையே திரையில் விரித்துவிடும். உங்கள் வீட்டுத் தண்ணீர்த்தொட்டி தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் அனுமதியில்லாமல் எழுப்பிய மாடியும் தெரியும். மேகங்களைப் பார்த்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். இணையம் கொஞ்சம் படுத்தால் மட்டும் நகரம் முழுக்க உருகிய மெழுகு மாதிரி ஆகிவிடும். இரண்டாவது காற்றுக் கட்சி. இவர்களுடைய மென்பொருள் இறக்கையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின்மேலும் காற்று எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போடும். ஆனால் அதில் கீழே இருக்கும் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எந்த நாட்டில் இறங்கினாலும் அதே சாம்பல் கூரை, அதே ஒற்றை மரம். "உங்க ஊர்ல எல்லாரும் ஒரே வீட்லதான் இருக்கீங்களா?" என்று அழகுக் கட்சி கேட்கும். "நீங்க சினிமாப் பாக்கறீங்க, நாங்க பறக்கறோம்" என்று காற்றுக் கட்சி திருப்பிக் கொடுக்கும்.

இரண்டு கட்சிகளும் ஒன்றுசேர்ந்து சிரிக்கிற விஷயம் ஒன்று இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த விமானப் பயிற்சிப் பள்ளியின் பெட்டி. உண்மையான விமானத்தின் முன்பாதியை வெட்டி எடுத்தது மாதிரி ஒரு கூண்டு. உள்ளே உட்கார்ந்தால் தெரியும் மலைகள் காகிதத்தை மடித்து வைத்தது போலிருக்கும், கடல் பெயின்ட் அடித்த தகரம் போலிருக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்கு அரசாங்க முத்திரை உண்டு. அதில் பறந்த நேரம் மாணவனின் கணக்கில் ஏறும். இவர்கள் வீட்டில் பறந்தது எந்தக் கணக்கிலும் ஏறாது. அழகும் உண்மையும் சேர்ந்து தோற்ற இடம் அது என்பதால் அதைப் பற்றிச் சிரிப்பதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

இந்தச் சங்கத்தில் கேப்டன்தான் நடுவர். அவரிடம் இரண்டு மென்பொருளும் இருந்தன. ஒரே விமானம், ஒரே ஓடுதளம், ஒரே காற்று என்று வைத்து இரண்டிலும் பறந்து பார்த்து, சங்கத்தின் இணையப் பக்கத்தில் நீளமாக எழுதுவார். பல் கூடத்து உவமைகள் தாராளமாக வரும். "பல்லுல ரெண்டு வகை. சிரிக்கிற பல்லு, கடிக்கிற பல்லு. அது சிரிக்கிற பல்லு, இது கடிக்கிற பல்லு" என்று அவர் காற்றுக் கட்சிக்குச் சாதகமாகச் சொன்ன தீர்ப்பைக் கூட்டத்தில் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். தீர்ப்புக்கு ஆதாரம் ஒரு உருண்டை.

சிறு விமானங்களின் கருவிப் பலகையில் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு கறுப்பு உருண்டை. விமானம் சறுக்காமல் ஒழுங்காகத் திரும்பினால் உருண்டை நடுவில் நிற்கும். சறுக்கினால் ஓரத்துக்கு ஓடும். காற்றுக் கட்சியின் மென்பொருளில் கேப்டன் எப்படித் திரும்பினாலும் உருண்டை நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. மற்றதில் அது குழாய்க்குள் அலைந்துகொண்டே இருந்தது. சீராகத் திரும்புவது நல்ல விமானம், அலைவது பொம்மை. அவ்வளவுதான் வழக்கு. கூடவே ஒரு கொள்கையும் பிறந்தது: நல்ல விமானம் காலைத் தொந்தரவு செய்யாது. பெடல் என்பது விமானம் தரையில் ஓடும்போது அதைத் திருப்ப மட்டும்தான். வானத்தில் பெடலைப் போட்டு மிதிப்பவன் விமானத்தை நம்பாதவன்.

இதை எதிர்த்து ஒரே ஒருவர் எழுந்தார். கேப்டனின் மச்சினன், மனைவியின் தம்பி. மின்தூக்கி பழுதுபார்க்கிற வேலை. கேப்டனைப் பார்த்துத்தான் அவரும் இந்தப் பைத்தியத்துக்குள் விழுந்தார். ஆனால் அழகுக் கட்சியில் போய் விழுந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையான விமானத்தில் எடுத்த படம் ஒன்றைத் திரையில் ஓட்டிக் காட்டினார்.

"மாமா, பாருங்க. நிஜத்துலயும் உருண்டை ஓடுது. அந்த ஆளு கால வெச்சுத்தான் நடுவுக்குக் கொண்டுவர்றான். உங்களுக்கு ஓடவே மாட்டேங்குதுன்னா உங்களுதுலதான் ஏதோ தப்பு இருக்கு."

சங்கமே நடுவரைப் பார்த்தது. கேப்டன் மச்சினனின் கால்களைப் பார்த்தார். பேசும்போதே அவை தரையில் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன.

"மாப்ள, நீ விமானம் ஓட்றியா, துணி தைக்கறியா?"

டயர் கடைக்காரன் மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தார்கள். அன்றிலிருந்து மச்சினனுக்குத் தையல்காரர் என்று பெயர். ஓரிரு வாரம் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு ஒருவர் "என் பேன்ட் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் சுருக்கித் தர்றீங்களா?" என்று கேட்டதும் எழுந்து போனார். சங்கத்துக்கு வரவில்லை. அக்காள் வீட்டுக்கும் வரவில்லை. கேப்டனின் மனைவி அதற்குப் பிறகு தம்பியைப் பார்த்ததெல்லாம் கல்யாண மண்டபங்களிலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும்தான். "ஒரு உருண்டைக்காக ஒரு தம்பி" என்று அவர் ஒருமுறை சொன்னார். கேப்டன் அப்போது மேகத்துக்கு மேலே இருந்தார், காதில் விழவில்லை.

இப்படி வருடங்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் பயிற்சிப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. சங்கத்தின் செயலாளர் மருந்துக் கடை வைத்திருந்தார். பள்ளி முதல்வருக்கு அங்கேதான் ரத்த அழுத்த மாத்திரை. மாத்திரை வாங்க வந்த இடத்தில் முதல்வர், மாணவர்களுக்காக இன்னொரு பயிற்சி அறை போடப் போவதாகவும், வீட்டு மென்பொருள்களில் எது தேறும் என்று விவரம் தெரிந்தவர் யாராவது ஒப்பிட்டுச் சொன்னால் தேவலை என்றும், அந்த அறையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

"உங்க பேரச் சொல்லிட்டேன்" என்றார் செயலாளர். "ஒப்பீட்ட ஒழுங்காச் சொல்லிட்டீங்கன்னா அந்த வேலையும் உங்களுக்குத்தான். பல்லு தேச்சது போதும் கேப்டன்."

கேப்டனுக்கு அன்று இரண்டு பல் செட் கோணலாக வந்தன. வெள்ளைத் தூசு இல்லாத ஓர் அறை. திரைகள் நிறைந்த ஓர் அறை. அங்கே மாணவர்கள் "சார்" என்று கூப்பிடுவார்கள். கேப்டன் என்று கூப்பிட்டால்கூட அந்த இடத்தில் அது கிண்டலாக இருக்காது. தம் வாழ்க்கையில் இதற்கு முன் எதையும் இவ்வளவு விரும்பியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. மனைவியிடம் இதைச் சொன்னபோது, "கல்யாணத்தக்கூடவா?" என்று கேட்டார். "அது வேற" என்றார் கேப்டன்.

ஒப்பிடுகிறவர் நிஜ விமானத்தை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று முதல்வர் ஏற்பாடு செய்தார். கேப்டனின் முதல் பறத்தல். பயிற்றுநர் ஒரு பெண். கேப்டனின் வயதில் பாதிதான் இருக்கும். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளி வைத்துக்கொண்டு, ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி விமானத்தின் மேல் சாய்ந்து நின்றார்.

"வீட்ல ஓட்டியிருக்கீங்களாமே?"

"கொஞ்சம்" என்றார் கேப்டன். அந்தக் 'கொஞ்ச'த்தில் ஒரு கடல் அடக்கம் இருந்தது.

எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பொத்தான் எங்கே, எந்த முள் எந்தப் பச்சைக் கோட்டுக்குள் நிற்க வேண்டும், கட்டுப்பாட்டு அறையோடு எப்படிப் பேச வேண்டும். பயிற்றுநரே புருவத்தை உயர்த்தினார். ஓடுதளத்தில் வேகம் எடுத்தபோது விமானம் இடதுபக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பயிற்றுநர் ஏதோ செய்து நேராக்கினார். மேலே எழும்பியதும் ஊர் சின்னதாகிக்கொண்டே போனது. இது நிஜம் என்று நினைத்தார். மேகங்கள் அழகுக் கட்சியில் இருப்பதைவிடக் கொஞ்சம் மட்டம் என்றும் நினைத்தார்.

"இப்ப இடது பக்கம் திருப்புங்க சார்."

திருப்பினார். இடது இறக்கை தாழ்ந்தது. ஆனால் மூக்கு ஒரு கணம் வலது பக்கம் போனது. இருக்கையில் அவருடைய இடுப்பு சறுக்கியது. கண்ணாடிக் குழாய்க்குள் உருண்டை ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. கேப்டன் அது திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார். வீட்டில் அவரை அது ஒருநாளும் விட்டுப் போனதில்லை.

"யாருக்காக வெயிட் பண்றீங்க?"

"உருண்டை... நடுவுக்கு வரும்ல?"

"அதுக்கென்ன காலா இருக்கு, தானா வர? நீங்கதான் கொண்டுவரணும். எந்தப் பக்கம் ஓடுதோ அந்தக் கால வெச்சு மிதிங்க. காலு எங்க சார்?"

"கீழதான் இருக்கு."

"இருக்கறது தெரியுது. வேலை செய்யுதான்னு கேட்டேன்."

மிதித்தார். அதிகமாக மிதித்துவிட்டார். உருண்டை மறுபுறம் போய் மோதியது. அடுத்த திருப்பத்தில் மறுபடியும். கடைசிவரை அந்த உருண்டை அவருடைய பேச்சைக் கேட்கவே இல்லை. கீழே இறங்கியதும் பயிற்றுநர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"வீட்ல ஓட்டிட்டு வர்றவங்க வெளிய பாக்கறதே இல்ல, கருவியவே மொறச்சுப் பாப்பாங்க. அது எல்லாருக்கும் உள்ளது. ஆனா ரெண்டு காலையும் வீட்லயே கழட்டி வெச்சுட்டு வந்த ஆள இப்பதான் பாக்கறேன். உங்க கிட்ட பெடல் இல்லியா?"

"இருக்கு" என்றார் கேப்டன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பேருந்தில் வரும்போது தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி விமான அறையில் துணை விமானியின் இருக்கையில் காய்ந்த துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் காலியாக இருந்த இருக்கை அது ஒன்றுதான். கேப்டன் சட்டையைக்கூட மாற்றாமல் கணினியைப் போட்டார். காற்றுக் கட்சி மென்பொருளின் அமைப்புகளுக்குள் நுழைந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில், புதிதாகக் கற்பவர்களுக்கான உதவிகள் என்ற தலைப்பின் கீழே, அது இருந்தது. வானத்தில் காலுக்குரிய வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்ற வசதி. அதன் பக்கத்தில் ஒரு டிக்.

போட்டது அவர்தான். ஆரம்பத்தில் பெடல் வாங்க வசதியில்லை. கையால் மட்டும் ஓட்டுகிறவர்கள் இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, போட்டுக்கொண்டார். பிறகு பெடல் வந்தது. தரையில் அவர் மிதித்தபடி வண்டி திரும்பியது. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இருந்துவிட்டார். அந்தக் கொள்கை, அந்தத் தீர்ப்புகள், அந்தக் கடிக்கிற பல், எல்லாமே இந்த டிக்கின் மேல்தான் நின்றிருந்தன. அழகுக் கட்சியின் மென்பொருளில் அப்படி எதையும் அவர் போடவில்லை. அது பாவம், உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டுத் தோற்றுப்போயிருந்தது.

டிக்கை எடுத்தார். விமானத்தை எழுப்பி இடது பக்கம் திருப்பினார். உருண்டை ஓடியது. காலையில் ஓடியது மாதிரியே, மச்சினன் காட்டிய படத்தில் ஓடியது மாதிரியே.

"என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார் மனைவி.

"ஒண்ணுமில்ல. ஒரு டிக்."

"என்ன டிக்கு?"

"எடுத்துட்டேன்."

மனைவிக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் உருண்டை என்ற சொல்லைப் பல வருடங்களாகச் சாப்பாட்டு மேசையில் கேட்டவர். திரையில் அது ஓரத்தில் கிடப்பதை எட்டிப் பார்த்தார். கையிலிருந்த சட்டையை மெதுவாக மடித்தார்.

"எப்ப போட்டது?"

"ஆரம்பத்துல."

"அப்ப என் தம்பி சொன்னது?"

கேப்டன் விமானத்தை ஓடுதளத்தின் பக்கம் திருப்புவதில் மும்முரமாக இருந்தார். மனைவி மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். பீரோக் கதவு சாத்தும் சத்தம் வழக்கத்தைவிடச் சற்று பலமாகக் கேட்டது.

திங்கட்கிழமை முதல்வரிடம் போக வேண்டும். நடுவில் ஒரு ஞாயிறு இருந்தது. சங்கத்துக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். கேப்டன் நேர்மை இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. பழைய தீர்ப்பையே முதல்வரிடம் சொல்லி மாணவர்களின் காலைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதே சமயம், இத்தனை வருடம் டிக் போட்டுக்கொண்டு பறந்த மனிதனுக்கு யாராவது ஒரு பயிற்சி அறையைக் கொடுப்பார்களா? உண்மையும் வேண்டும், வேலையும் வேண்டும். பல் செட்டில் அழகும் வேண்டும், கடியும் வேண்டும் என்று எழுதி அனுப்புகிற மருத்துவர்களை அவர் எவ்வளவோ ஏளனம் செய்திருக்கிறார்.

வழி கிடைத்தது. கிடைத்ததும் அவருக்கே அது அவ்வளவு அழகாகத் தெரிந்தது.

"ரெண்டையும் திரும்ப நல்லா ஓட்டிப் பாத்தேன் சார்" என்றார் முதல்வரிடம். செயலாளரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "முன்னாடி அந்தக் காத்துக் கணக்கு போடறது நல்லா இருந்துச்சு. நானே எழுதியிருக்கேன். ஆனா கடைசியா ஒரு அப்டேட் விட்டாங்க பாருங்க, அதுல கெடுத்துட்டாங்க. இப்போதைக்கு மத்ததுதான் நிஜத்துக்குப் பக்கத்துல இருக்கு. பசங்களுக்குக் காலு பழகணும்னா அதுதான்."

செயலாளர் வாயைப் பிளந்தார். கேப்டன் கட்சி மாறியதை நேரில் பார்க்கும் பாக்கியம்! முதல்வர் தலையை ஆட்டினார்.

"தான் சொன்னதையே பிடிச்சுத் தொங்காத ஆளு. நல்லது" என்றார். பிறகு மேசையிலிருந்த வேறு எதையோ தேடிக்கொண்டே, "நாங்க பெட்டியேதான் இன்னொண்ணு வாங்கறோம். முத்திரை இல்லாததுல பையன் எவ்வளவு பறந்தாலும் கணக்குல ஏறாதே" என்றார்.

"அப்ப... ஒப்பீடு எதுக்கு சார்?"

"எல்லாத்தையும் பரிசீலிச்சோம்னு நிர்வாகத்துக்குக் காட்டணும்ல. வெளியாள் அபிப்பிராயம் ஒண்ணு கொறஞ்சுது." முதல்வர் நிமிர்ந்து பார்த்தார். "ரூமுக்கு ஆள் மட்டும் வேணும். நீங்க பல்லு செய்யற எடத்துல ஒரே தூசா இருக்குமே, மெஷின எல்லாம் எப்படிக் காப்பாத்தறீங்க?"

கேப்டன் சொன்னார். ஈரத் துணி, உறிஞ்சும் குழாய், தினமும் மூடிவைக்கும் உறை. முதல்வர் கவனமாகக் கேட்ட விஷயம் அது ஒன்றுதான். "அப்ப அடுத்த மாசம் வந்துருங்க" என்றார்.

ஆக, வேலை கிடைத்தது தூசு தெரிந்ததால். டிக்கைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் கிடைத்திருக்கும். அழகுக் கட்சி, காற்றுக் கட்சி என்று எதைச் சொல்லியிருந்தாலும் கிடைத்திருக்கும். ஒன்றுமே சொல்லாமல் கொட்டாவி விட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். அவ்வளவு அழகாகச் சொன்ன பொய்க்கு வாங்க ஆளில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை; படியிறங்கும்போதே செயலாளர் தொலைபேசியில் அதைச் சங்கம் முழுக்கப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

சங்கத்தில் கேப்டனின் மதிப்பு கூரையைத் தொட்டது. தம் தீர்ப்பைத் தாமே மாற்றி எழுதிய நடுவர்! காற்றுக் கட்சிக்காரர்கள் முதலில் துரோகம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களில் ஒருவர், அந்த அப்டேட்டுக்குப் பிறகு தம்முடைய விமானமும் சரியில்லை, உருண்டை முன்பு மாதிரி இல்லை என்று எழுதினார். இன்னொருவர் ஆமோதித்தார். மூன்றாமவர் மென்பொருள் நிறுவனத்துக்கே புகார் அனுப்பினார். நிறுவனமும் பிரச்சினையை நன்றாகப் புரிந்துகொண்டதாகவும், அடுத்த பதிப்பில் கவனிப்பதாகவும் பதில் எழுதியது.

செய்தி தையல்காரருக்கும் போனது. அந்த வாரக் கடைசியில், மாலை வெயில் இருக்கும்போதே, கதவைத் தட்டினார். கையில் ஒரு பிஸ்கட் டின். கதவைத் திறந்த அக்காள் பேசாமல் அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்; விட்டால் போய்விடுவார் என்பது போல.

"வா மாப்ள" என்றார் கேப்டன். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"மாமா, நான் நேராச் சொல்லிடறேன்." மச்சினன் உட்காரக்கூட இல்லை. "நீங்க அப்ப சொன்னது அப்ப இருந்த பதிப்புக்குச் சரிதான் போல. அப்டேட் வந்து கெட்டதும் நீங்களே மாத்திச் சொல்லிட்டீங்க. நான்தான் உங்க மெஷின்ல தப்புன்னு எல்லார் முன்னாடியும் அவசரப்பட்டுப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

மனைவி தேநீர்க் கோப்பைகளோடு சமையலறை வாசலில் நின்றார். கேப்டனைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, பேருந்து வருமா என்று சாலையைப் பார்ப்பது போலப் பார்த்தார். கேப்டனுக்கு வாய் திறந்தது. ஒரு டிக் மாப்ள, நீ சொன்னதுதான், நான்தான். எத்தனை சின்ன வாக்கியம்.

"பரவால்ல விடு" என்றார். "பழசு எதுக்கு?"

மனைவி கோப்பைகளை வைத்தார்.

மச்சினனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உட்கார்ந்தார், தேநீர் குடித்தார், மின்தூக்கியில் மாட்டிக்கொண்ட ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தின் கதையைச் சொன்னார். அக்காள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மச்சினன் சாதாரணமாகக் கேட்டார்:

"எந்த அப்டேட்டுக்கு முன்னாடி மாமா நல்லா இருந்துச்சு? பழைய பதிப்பு இன்னும் கெடைக்குது. போட்டு ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும். நீங்க என்ன பாத்தீங்கன்னு நானும் பாத்துட்டா மனசு ஆறிடும்."

"அதெல்லாம்... ஞாபகமில்ல."

"ரெண்டு மூணு போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

"அதான் மாமா விடுன்னு சொல்றாருல்ல, விடேன்டா" என்றார் மனைவி. "வந்த அன்னிக்கே உருண்டைய உருட்டணுமா? பிஸ்கட்ட எடு."

மச்சினன் போன பிறகு கேப்டன் கோப்பைகளைத் தாமே சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டில் இது அபூர்வம். மனைவி திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் துலக்கினார்.

"நல்ல நேரத்துல பேச்ச மாத்தின" என்றார் கேப்டன்.

"உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. அவன் இப்பதான் வந்திருக்கான். உண்மை தெரிஞ்சா திரும்ப வரமாட்டான். எனக்குத் தம்பி வேணும்." குழாயை மூடினார். "கோப்பைய அங்க வைங்க. நான் கழுவிக்கறேன்."

அடுத்த மாதம் கேப்டன் பள்ளிக்குப் போக ஆரம்பித்தார். புதுப் பெட்டி பழைய பெட்டியைப் போலவே இருந்தது. மலைகளில் ஒரு மடிப்பு அதிகம், அவ்வளவுதான். காலையில் உறையை எடுப்பார், ஈரத் துணியால் துடைப்பார், மாணவன் உட்கார்ந்ததும் பொத்தானைப் போடுவார். பயிற்றுநர் தமது பலகையிலிருந்து இன்ஜினை அணைப்பார், மூடுபனி கொட்டுவார், பையன் வியர்த்துப்போவான். வீட்டு மென்பொருள்களில் யாரும் இப்படி வியர்த்து கேப்டன் பார்த்ததில்லை. காகித மலையாக இருந்தாலும் மோதினால் பரீட்சையில் தோல்வி என்பதால் அவர்களுக்கு அது மலையாகவே தெரிந்தது. மாணவர்கள் அவரை சார் என்று கூப்பிட்டார்கள். சிலர் அதுவும் சொல்லாமல் விரலால் ஏசியைக் காட்டினார்கள். கேப்டன் என்று மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

மச்சினன் இப்போது வாரம் தவறாமல் வந்தார். மூன்றாவது வாரமோ நான்காவதோ, கேப்டன் அவரைத் தெருமுனைவரை வழியனுப்பப் போனபோது, ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"பழைய பதிப்பு போட்டுப் பாத்தேன் மாமா."

கேப்டன் எதிரே மூடியிருந்த கடையின் பூட்டைப் பார்த்தார். "ம்."

"கெடச்ச எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன்."

"சரி."

"நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. உருண்டை அப்படியே நடுவுல நின்னுச்சு."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, சிரிப்பு இல்லாததும் இல்லை. டிக் இல்லாமல் எந்தப் பதிப்பிலும் அது அப்படி நிற்காது என்று கேப்டனுக்குத் தெரியும். டிக் இருந்தால் எல்லாப் பதிப்பிலும் நிற்கும் என்றும் தெரியும். அப்படியானால் ஒன்று, மச்சினன் டிக்கைக் கண்டுபிடித்துவிட்டார். அல்லது கண்டுபிடிக்காமல், அக்காளுக்காகப் பொய் சொல்கிறார். எது என்று கேட்கலாம். கேட்பதற்கு முதலில் டிக் என்ற ஒன்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"நான்தான் சொன்னேனே" என்றார் கேப்டன்.

"ஆமா மாமா" என்றார் மச்சினன், மரியாதையாக. ஸ்கூட்டரைக் கிளப்பி, ஒரு காலைத் தரையில் ஊன்றித் திருப்பிக்கொண்டு போனார்.